எல்லார் பேரையும் வாசிங்க டீச்சர்

எழுப்பாதீங்கம்மா, என் பொண்ணு தூங்கட்டும். உங்க தோள்மேல சாஞ்சுக்கினாளேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. விடியறதுக்குள்ள எந்திரிச்ச புள்ள. பிராட்வே வரைக்கும் இப்படியேதான் வருவா. அங்க எறங்கி இன்னொரு பஸ் புடிக்கணும். டெய்லி இதே கதைதான். லேடீஸுக்கு டிக்கெட் இல்லாததால தப்பிச்சோம்.

ஸ்கூலுக்குத்தாம்மா. யூனிஃபார்ம் போட்டுக்கினு வேற எங்க போவா? இங்க பக்கத்துல ஸ்கூல் இல்லையான்னு கேக்குறீங்க. கேளுங்க, கேளுங்க. எல்லாரும் கேக்குறாங்க. கண்டக்டர் கேக்குறாரு, எங்க வூட்டுக்காரரு கேக்குறாரு, நேத்து வந்த கீரைக்காரம்மா கேக்குது. ஸ்கூல் இருக்கு. எங்க ஹவுசிங் போர்டு வூட்டுக்குப் பின்னாடியே இருக்கு. அங்க பெல் அடிச்சா எங்க சமையக்கட்டுல கேக்கும். ஆனா அது எங்க ஸ்கூல் இல்ல. எங்க ஸ்கூலு அந்தாண்ட கோடி, ஹார்பர் லாரிங்க போவுதே, அந்த ரோட்டாண்ட.

நான் யாருன்னு நெனச்சீங்க? டில்லிராணி. நாலு வூட்டுல பாத்திரம் தேய்ச்சவதான், இல்லன்னு சொல்லல. ஆனா அந்த கார்ப்பரேஷன் ஸ்கூலுக்கு நான் தலைவி. பள்ளி மேலாண்மைக் குழு தலைவி. பெத்தவங்க எல்லாரும் சேர்ந்து கை தூக்கி எடுத்தாங்க. ஆபீஸருங்க என்னை மேடம்னுதான் கூப்பிடுவாங்க, தெரியுமா? நாற்காலி போட்டு உக்கார வெப்பாங்க. டிவில வந்திருக்கேன். அதுல கொஞ்சம் கறுப்பாத் தெரிஞ்சேன், அது வேற விசயம்.

சும்மா கெடச்ச பேரு இல்லம்மா அது. எங்க ஸ்கூலு அஞ்சாவது வரைக்கும். அப்ப கால்வா ஓரத்துல எங்க குடிசைங்க, அதை ஒட்டினாப்புல ஸ்கூலு. பெல் அடிச்சப்புறம் தலை வாரிக்கினு ஓடினாக்கூட லேட்டாவாது. இவ நாலாவதுக்கு வந்தப்போ, ஜூன் மாசம் ஸ்கூல் தொறந்ததும் ஆபீஸருங்க வந்து சொல்றாங்க, புள்ளைங்க கம்மியா இருக்குது, நாலாவதையும் அஞ்சாவதையும் ரோட்டுக்கு அந்தாண்ட இருக்குற பெரிய ஸ்கூலுக்கு மாத்துறோம்னு. தற்காலிகமாத்தாம்மான்னாரு அந்த ஆபீஸரு. அந்த ரோடு எப்படி ரோடுன்னு அவருக்கு இன்னா தெரியும்? பெரியவங்களே கைய நீட்டிக்கினு, சாமியக் கும்பிட்டுக்கினு தாண்டுவோம். சிக்னல் கெடையாது, வேகத்தடை கெடையாது. நாங்களும் சரி, பாத்துக்கலாம்னு விட்டுட்டோம்.

பக்கத்து வூட்டு குமுதா. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு தகரம்தான் செவுரு. அவ பையன் சரண். இவளும் அவனும் ஒரே கிளாஸு. நாலாவது. ஒரே குடையில போவாங்க, ஒரே தட்டுல துன்னுவாங்க. வாயாடிப் பய. என்னை டில்லி ஆன்ட்டின்னு கூப்பிட மாட்டான், "பம்பாய் ஆன்ட்டி"ம்பான். தொரத்திக்கினு ஓடுவேன். கிளாஸுல பேர் வாசிச்சா அவன் மட்டும் இழுப்பான், "உள்ளேஏஏன் டீச்சர்"னு. தெருவுக்கே கேக்கும். டீச்சரே சிரிச்சுடுவாங்க.

தண்ணி லாரி. காலைல. இவ முன்னாடியே தாண்டிட்டா. அவன் செருப்பு கயிண்டுக்கிச்சுன்னு குனிஞ்சிருக்கான். இவ அந்தாண்ட நின்னு பாத்துக்கினு இருந்தா. அவ்ளோதான். அதுக்குமேல இன்னா சொல்ல? இவ அழவே இல்லம்மா. என் பொண்ணு ரொம்ப தைரியம்.

அன்னைக்கு சாயந்தரம் அவன தூக்கறதுக்கு முன்னாடியே நான் முடிவு பண்ணிட்டேன். வுடக்கூடாதுன்னு. எங்க புள்ளை ரோடு தாண்டாதுன்னு அட்டையில எழுதி, மறுநா காலைல அத்தனை புள்ளைங்களையும் இட்டுக்கினு போயி நடுரோட்டுல உக்கார வெச்சேன். வெறும் மறியல்னா போலீஸ் வந்து தூக்கிப் போட்டுட்டுப் போயிடும். எங்களுக்கு எத்தினி தபா நடந்திருக்கு. அதனால நான் ஒரு யோசனை பண்ணேன். மறியல் இல்ல சார், கிளாஸு. ஸ்கூல எடுத்துட்டீங்க, அதனால ரோட்டுல கிளாஸு நடத்துறோம்னேன். கரும்பலகை, சாக்பீஸு, எல்லாம் கொண்டாந்தோம். நான் ஏழாவது வரைக்கும் படிச்சவ. நானே நின்னு பேர் வாசிச்சேன். லாரிங்க வரிசையா ஆரன் அடிச்சுக்கினு நிக்குது, நான் வாசிக்கிறேன், புள்ளைங்க ஒவ்வொண்ணா உள்ளேன் டீச்சர், உள்ளேன் டீச்சர்னு எந்திரிச்சு சொல்லுது.

அப்ப வாய் தவறி வந்துடுச்சா, வேணும்னே சொன்னேனா, தெரியல. சரண்னு வாசிச்சுட்டேன்.

போலீஸ்காரர்கூட தொப்பிய கழட்டிட்டாரு. நான் சும்மா இல்லாம மறுக்கா வாசிச்சேன். சரண். அப்ப இவ எந்திரிச்சா பாருங்க. எந்திரிச்சு, அப்படியே அவன மாதிரியே இழுத்து, "உள்ளேஏஏன் டீச்சர்"னா. யம்மா! எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. பொம்பளைங்க மாருல அடிச்சுக்கினு அழுதாங்க. கேமராக்காரன் ஓடியாந்தான். அன்னைக்கு ராத்திரி எல்லா சேனல்லயும் அதான். என் பொண்ணு மொகந்தான்.

அதுக்கப்புறம் டெய்லி அதையே பண்ணோம். ரோட்டுல, கார்ப்பரேஷன் ஆபீஸ் வாசல்ல, மனு குடுக்குற நாள்ல கலெக்டர் ஆபீஸாண்ட. எங்க போனாலும் பேர் வாசிப்பேன், சரண் பேருக்கு இவதான் சொல்லணும். வேற புள்ளைங்க சொன்னா அவ்ளோ நல்லா வராது. ஒருநாள் இவ, வயித்த வலிக்குதும்மா, இன்னைக்கு நான் சொல்லலன்னா. நீ சொல்லலன்னா அவன் வந்தது யாருக்கும் தெரியாதேடின்னு எடுத்துச் சொன்னேன். புரிஞ்சுக்கிச்சு. சொல்லிச்சு. சின்னப் புள்ளைன்னாலும் சொன்னா புரிஞ்சுக்கும்.

ஜெயிச்சோம்மா! ஆபீஸரு நேரா வந்து, மைக்க புடிச்சு சொன்னாரு. நாலாவதும் அஞ்சாவதும் திரும்ப வரும், இந்தப் பள்ளிக்கூடத்துல ஒரே ஒரு குழந்தை படிச்சாலும் மூட மாட்டோம்னு. அந்த வார்த்தைய நான் செல்போன்ல புடிச்சு வெச்சிருக்கேன். காட்டவா? இருங்க, அப்பால காட்டுறேன். அந்த வாரமே கல்விச் சீர் எடுத்தோம். கல்யாணத்துக்கு சீர்வரிசை எடுத்துக்கினு போவாங்க இல்ல, அந்த மாதிரி மேளம் வெச்சு, தாம்பூலத்தட்டுல சாக்பீஸு, அட்லஸு, சுவத்துக் கடியாரம், ஃபேன், தண்ணி டிரம்மு, எல்லாம் தலைமேல தூக்கிக்கினு தெருவையே சுத்தி வந்து ஸ்கூலுக்குக் குடுத்தோம். குமுதாகூட ஒரு தட்டு தூக்கினா. சரணோட ஜியாமெட்ரி பாக்ஸு. எங்க டீச்சர் வசந்தமல்லிகா, அவங்க கைல வாங்கிக்கினு அப்படியே நின்னுட்டாங்க.

அந்த சந்தோசம் எத்தினி நாளு? மழைக்காலம் வந்துச்சு. கால்வாய அகலப்படுத்தணும், குடிசைங்கள எடுக்கணும்னு நோட்டீஸ் ஒட்டினாங்க. அரைப் பரீச்சைக்குள்ள லாரி கொண்டாந்து சாமான் செட்டெல்லாம் ஏத்தி, இதோ இப்ப ஏறினோமே, அந்த அடுக்கு வூடுங்களுக்கு இட்டாந்து போட்டுட்டாங்க. வூட்டுக்கு நான் சண்டை போடல, உண்மைய சொல்லணும்னா. அத பாக்க எனக்கு நேரம் ஏது? நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். எங்க ஸ்கூல தொடாதீங்க. தொடலம்மா. இன்னைக்கும் அப்படியே இருக்கு. சுத்தி தரைமட்டம், நடுவுல எங்க ஸ்கூலு.

மொதல்ல அத்தனை பேரும் வந்தாங்க. நான்தான் வூடு வூடா போயி சத்தியம் வாங்கினேன். யாரும் டிசி வாங்கக் கூடாது, வாங்கினா நாம ஜெயிச்சதுக்கு அர்த்தமே இல்லன்னு. காலைல பஸ்ஸுல நம்ப புள்ளைங்கதான் பாதி. பாட்டு, கூத்து, ஒரே ரகளை. அப்பால ஒண்ணொண்ணா கழண்டுக்கிச்சு. ஒண்ணுக்கு ஜுரம், ஒண்ணு பஸ்ஸுல வாந்தி, ஒருத்தி வேலைக்கு லேட்டாவுதுன்னா. பொங்கல் லீவு முடிஞ்சு பாத்தா பஸ்ஸுல பாட்டே இல்ல. கோடை லீவு முடிஞ்சு தொறந்தப்போ இவ மட்டும்தான் இருந்தா. ஸ்கூலாண்ட இருக்குற வசதியான மெத்தை வூட்டுப் புள்ளைங்க ஏற்கெனவே வேன்ல இங்கிலீஷ் மீடியம் போவுதுங்க, அதுங்க வராது.

ஒரே ஒரு குழந்தை படிச்சாலும்னு சொன்னாரு இல்ல? அந்த ஒண்ணு என் பொண்ணு.

பாவம்னு பாக்காதீங்கம்மா. ராஜாத்தி மாதிரி இருக்கா. ஒரு டீச்சரு, ஹெட்மிஸ்ட்ரஸும் அவங்கதான். சத்துணவு ஆயா இவளுக்குன்னு ஒரு முட்டை வேக வெக்குது. எந்த இங்கிலீஷ் மீடியத்துல ஒரு புள்ளைக்கு ஒரு டீச்சர் குடுக்குறான்? எங்க வூட்டுக்குப் பின்னாடி இருக்குற அந்த ஸ்கூலப் பாருங்க, கிளாஸுல எடம் இல்லாம வராண்டாவுல உக்காந்துக்கினு, கத்திக்கினு, ஒண்ணுமேல ஒண்ணு விழுந்துக்கினு. இண்டர்பெல் வுட்டா அந்த இரைச்சல் மாடி வரைக்கும் வரும். இவ லீவு போட்ட நாள்ல கம்பிய புடிச்சுக்கினு அதையே பாத்துக்கினு நிப்பா. உள்ள வாடின்னு கதவ சாத்திடுவேன். காதே அடைக்குதும்மா.

ஸ்கூல்ல நான் வராண்டாவுலதான் உக்காந்திருப்பேன், சாயந்தரம் வரைக்கும். திரும்பி வூட்டுக்குப் போயி வரவா முடியும்? போன வருசம் ஒருநாள் காலைல அப்படி உக்காந்திருக்கேன். உள்ள பேர் வாசிக்கிறாங்க. ஒரு பேருதானே, ஒரு நொடில முடியணும். முடியல. போயிக்கினே இருக்கு. எல்லாம் நின்னுபோன புள்ளைங்க பேரு. திவ்யபாரதின்னு வாசிச்சா திவ்யபாரதி கொரலு. அந்தோணின்னா அந்தோணி, மூக்கால பேசுவான் பாருங்க, அதே மாதிரி. ரஹமத்துன்னிசான்னா அந்தக் கீச்சுக் கொரலு. கடைசீல, உள்ளேஏஏன் டீச்சர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எந்திரிச்சு சன்னல் வழியா பாக்குறேன், பெஞ்சுங்க காலி. இவ ஒருத்திதான் நடுவுல நிக்கிறா. டீச்சர் நாற்காலில தலைய புடிச்சுக்கினு உக்காந்திருக்காங்க. "எல்லார் பேரையும் வாசிங்க டீச்சர், இல்லாட்டி அவங்க வெளியவே நிப்பாங்க"ன்னு இவதான் அடம் புடிச்சிருக்கா. வேடிக்கைக்குன்னு ஒருநா வாசிச்சாங்களாம். அப்பால வுட மாட்டேன்னுட்டா. டீச்சர் மாட்டேன்னா இவளே வாசிச்சு இவளே சொல்லிக்கிறா.

பயந்தேன்தாம்மா மொதல்ல. பொய் சொல்லுவானேன்? ஆனா கண்ண மூடிக்கினு கேட்டுப் பாருங்க. ஸ்கூலு ரொம்பி இருக்கும். அத்தனை புள்ளைங்களும் இருக்கும். அவனும் இருப்பான். நான் இப்ப டெய்லி அதுக்காகவே கண்ண மூடிக்கினு உக்காந்துக்கிறேன். அந்தக் கொஞ்ச நேரம் போதும், அன்னைக்கு முழுக்க தெம்பா இருக்கும் எனக்கு.

அதனாலதான் குமுதாவும் கேட்டா சந்தோசப்படுவான்னு நெனச்சேன். சரணுக்குத் தெவசம் வந்துச்சு. படத்துக்கு மாலை போட்டு, வடை பாயசம் வெச்சு, நாலு பேர கூப்ட்டிருந்தா. நான் இவள இட்டுக்கினு போயி, சரண் மாதிரி சொல்லுடி, ஆன்ட்டி கேக்கட்டும்னேன். சொன்னா. அச்சு அசல். குமுதா இன்னா பண்ணா தெரியுமா? பாயசக் கரண்டிய போட்டுட்டு ஓடியாந்து என் பொண்ணு வாய கையால பொத்திட்டா! பொத்திக்கினு, என்னைப் பாத்து கத்துறா. "என் புள்ளைய நான் பொதைச்சுட்டேன் டில்லி, நீ ஏண்டி உம் பொண்ணு வாயில அவன குடி வெச்சிருக்க"ன்னு. பெத்தவ பேசுற பேச்சா அது? நீங்களே சொல்லுங்க. இத்தனைக்கும் அவளுக்குத்தான் மொதல்ல டிசி அவசரம். சின்னவள அந்த வராண்டா ஸ்கூல்ல சேத்துட்டா. அது சிரிச்சுக்கினு, குதிச்சுக்கினு போவுது. அண்ணனுக்காகத் தெருவே ரோட்டுல உக்காந்துச்சு, தங்கச்சி இப்படிக் குதிக்கிது. அன்னையிலிருந்து அவகூட நான் பேசறதில்ல. லிஃப்டுல அவ இருந்தா நான் படியேறிப் போயிடுவேன்.

குமுதாவ வுடுங்க. டீச்சரு இப்படிப் பண்ணுவாங்கன்னு நான் நெனைக்கல. இவ இப்ப அஞ்சாவது. இந்த மாசத்தோட முடியுது. ஆறாவதுக்கு வேற ஸ்கூல் போவணும். போயிட்டா எங்க ஸ்கூல்ல யாரு? அதனால போன வாரம் டீச்சராண்ட நல்ல வார்த்தையாத்தான் கேட்டேன். டீச்சர், இவளை இன்னொரு வருசம் அஞ்சாவதுலயே போடுங்க, அதுக்குள்ள நான் எப்படியாவது புள்ளைங்களப் புடிச்சாந்துடுறேன்னு. ஒரு வருசம் போனா இன்னா, படிப்பு ஓடியா போயிடும்? அந்தம்மா என்னை ஒரு பார்வ பாத்தாங்க. "டில்லிராணி, இவளுக்கு நல்லா படிப்பு வருது. கூட வெளையாட ஒரு புள்ளை இல்லாம ஒரு வருசம் இருந்துட்டா. போதும்"னாங்க. ஆபீஸர் சொன்னத போட்டுக் காட்டினேன், செல்போன்ல. கேக்கவே இல்ல, கையெடுத்துக் கும்பிட்டாங்க. அழுதாங்க. எங்க பக்கத்துல நின்ன டீச்சரே இப்படி கைய வுட்டா நான் யாராண்ட போவேன்?

இவளையே கேட்டுட்டேன் அப்ப. ஏண்டி, ஆறாவது போறியா, இங்கயே இருக்கியான்னு. டீச்சர் முன்னாடியேதான். "நான் இருக்கேம்மா. நான் போயிட்டா அவங்க எங்க போவாங்க?"ன்னா. கேட்டீங்களா? பத்து வயசு. என் ரத்தம். எனக்கு இருக்குற அக்கறை, வேற யாருக்கு இருக்கு?

நேத்துதான் மனசுக்குக் கொஞ்சம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. பேர் வாசிக்கிறாங்க. நான் வழக்கம்போல கண்ண மூடிக்கினு இருக்கேன். எல்லாரும் சொல்லிட்டாங்க, திவ்யபாரதி, அந்தோணி, ரஹமத்து, எல்லாரும். மோனிஷான்னு வாசிச்சாங்க. இவ பேருதான். பதில் இல்ல. மறுக்கா, மோனிஷா. இல்ல. சன்னலாண்ட போயி பாக்குறேன், நிக்கிறா, டீச்சரதான் பாக்குறா, ஆனா யாரோ வராத புள்ளைய கூப்பிடுறாங்கன்ற மாதிரி சும்மா நிக்கிறா. மூணாவது தபாவும் சொல்லல. எனக்குப் பொறுக்கல. ஆப்சென்ட் போட்டுட்டாங்கன்னா இன்னா பண்றது? நான் சன்னலுக்கு வெளிய இருந்து சொல்லிட்டேன். உள்ளேன் டீச்சர்னு.

டீச்சர் பேனாவ மூடி வெச்சுட்டாங்க. நாளைக்கு டிசி ரெடியா இருக்கும், வந்து வாங்கிக்கினு போங்கன்னாங்க. அந்த நாளைக்குத்தான் இன்னைக்கு. வாங்குவனா நான்? வேணவே வேணாம்னு சொல்லத்தான் போயிக்கினு இருக்கேன். கால்ல விழுந்தாவது நிறுத்திடுவேன். அசதியா இருந்திருக்கும், அதான் பதில் சொல்லல. விடியறதுக்குள்ள எந்திரிக்கிற புள்ள இல்ல?

அட, பிராட்வே வந்துடுச்சே! பேசிக்கினே வந்துட்டேன் பாருங்க. மோனிஷா. ஏய் மோனிஷா, எறங்கணும்டி. மோனிஷா!

முழிச்சுக்கினுதாம்மா இருக்கா. கண்ணப் பாருங்க, தொறந்துதான் இருக்கு. எவ்ளோ நேரமா கேட்டுக்கினு வந்தாளோ. இல்ல, நீங்க உலுக்காதீங்க, எழுந்திரிக்க மாட்டா. இப்பல்லாம் இந்தப் பேரச் சொன்னா அசையறதே இல்ல, அவ்ளோ அழுத்தம். இருங்க, அதுக்கு ஒரு வழி இருக்கு.

சரண்!

பாத்தீங்களா? எந்திரிச்சுட்டா. இந்தா, பைய மாட்டிக்கோ. மெதுவா படியப் பாத்து எறங்கு. வரேம்மா.